பக்கத்து வீட்டுச் சண்டையைப் பேசியே தீர்ப்பது எப்படி

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். அப்பாவின் வெள்ளை வேட்டியைத் துவைத்து, சமையலறைச் சன்னலுக்கு வெளியே கழியில் காயப்போட்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேட்டி முழுக்கப் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக அழுக்குத் தண்ணீர். எட்டிப் பார்த்தேன். மேல்வீட்டுச் சன்னலில் தரை துடைக்கும் மாப் தொங்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. அது முதல் தடவையாக இருந்தால் விட்டிருப்பேன், அந்த மாதத்தில் நான்காவது தடவை. வேட்டியை அப்படியே சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போனேன். கதவைத் திறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீன ஆன்ட்டி. ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டேன். நான் சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை, ஆனால் என் குரல் நன்றாகவே புரிந்தது. கதவைச் சாத்திவிட்டார். அடுத்த எட்டு மாதம் லிஃப்டில் பார்த்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் மாடி எண்ணைப் பார்ப்பேன். மாப் அதே இடத்தில் தொங்கியது.

அந்தச் சண்டை பிறகு தீர்ந்தது. அதற்கு அப்புறம் எங்கள் வட்டாரத்து வசிப்போர் குழுவில் சேர்ந்து, இரவுச் சத்தம், சாம்பிராணிப் புகை, நடைபாதையை அடைக்கிற செருப்பு ரேக், சிகரெட் நாற்றம் என்று எத்தனையோ வீடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த எட்டு மாதத்தை வேறு யாரும் கழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக வீட்டில்தான், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறோம், புது வீடு வாங்கியவர்கள் குறைந்தது ஐந்து வருடத்துக்கு விற்கவும் முடியாது, அதனால் சண்டையில் ஜெயித்தாலும் மறுநாள் காலை அதே லிஃப்டில் அதே ஆளோடுதான் இறங்க வேண்டும். ஆகவே "யார் பக்கம் நியாயம்" என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்கு ஆயுளுக்கும் பதில் கிடைக்காது. "நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு என்ன நடக்க வேண்டும்" என்ற கேள்வியோடு போங்கள். அதற்குப் பதில் உண்டு, பெரும்பாலும் அது சின்னதாகவும் இருக்கும்.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஒரு வாரம் எழுதிவையுங்கள். நாள், நேரம், என்ன நடந்தது, அவ்வளவு போதும். இது யாரிடமும் காட்டுவதற்கு அல்ல, உங்களுக்காகத்தான். "தினமும் ராத்திரி இரண்டு மணிவரை சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு வாரம் எழுதச் சொன்னோம். வெள்ளி, சனி மட்டும்தான், அதுவும் பன்னிரண்டரைக்குள் அடங்கிவிடுகிறது என்று அவர் எழுத்திலேயே தெரிந்தது. அவருடைய கோபம் பொய் இல்லை, தூக்கம் கெட்டவருக்கு எல்லா இரவும் ஒரே இரவாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு இரவைப் பற்றிப் பேசுவது வேறு, ஏழு இரவைப் பற்றிச் சண்டை போடுவது வேறு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கான்கிரீட்டில் சத்தம் குறுக்காகவும் போகும், மேலிருந்து கீழும் வரும். தலைக்கு மேலே கோலி உருளுவதுபோல் கேட்கிறது என்று மேல்வீட்டோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த குடும்பம் ஒன்று எங்கள் புளோக்கில் உண்டு. பள்ளி விடுமுறைக்கு மேல்வீட்டார் மலேசியா போய் வீடு பூட்டிக் கிடந்தபோதும் அந்தக் கோலி உருண்டது. அன்றைக்கு அவர்கள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது.

விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சுவர் இடிப்பது, ஓடு வெட்டுவது போன்ற அதிகச் சத்தமுள்ள புதுப்பிப்பு வேலைகளை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம், சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. நடைபாதையில் தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் அகலம் ஆள் போக விட்டிருக்க வேண்டும். இரவு 10.30 முதல் காலை 7 வரை என்று வெகுகாலமாக இருந்த அமைதி நேரத்தை, இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கும்படி இதற்கென அமைத்த சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. இவை உங்கள் மண்டைக்குள் இருக்கட்டும். கதவு திறந்ததும் விதியை எடுத்து வீசினால் எதிரில் இருப்பவரும் உங்கள் வீட்டில் எந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார். கட்டாயம் ஒன்று கிடைக்கும்.

கதவைத் தட்டுகிற நாள்

சத்தம் கேட்கிற நேரத்தில் போகாதீர்கள். இதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ராத்திரி பதினொன்றரைக்கு நீங்கள் கொதித்துக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் லுங்கியோடு, நைட்டியோடு இருப்பார்கள், இரண்டு பேருக்கும் அது கௌரவமான நேரம் இல்லை. சனிக்கிழமை காலை பதினோரு மணிபோல் போங்கள். மலாய்க்காரர் வீடென்றால் நோன்பு துறக்கும் நேரத்தில் போகாதீர்கள், சீனர் வீடென்றால் சீனப் புத்தாண்டு நெருக்கத்தில் போகாதீர்கள். நம் வீட்டுக்குத் தீபாவளி முதல் நாள் ஒருவர் புகார் சொல்ல வந்தால் எப்படி இருக்கும், அதேதான்.

தனியாகப் போங்கள். மாமா, மச்சான், பெரியப்பா மகன் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போனால் உங்களுக்குத் தைரியம் வரலாம், கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு வருவது பயம். பயந்தவர் பேசமாட்டார். கைப்பேசியில் படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

கையில் சாட்சிப் பொருளும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்த ஆன்ட்டியின் பேத்தி எங்களுக்கு நடுவில் நின்று மொழிபெயர்த்தபோது, பாட்டி சொன்ன முதல் வார்த்தையே, "அவர் கையில் என்னவோ சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்" என்பதுதான். நான் அழுக்கான வேட்டியைக் காட்டப் போனேன். அவர் பார்த்தது முறுக்கிய ஈரத்துணியோடு வாசலில் நிற்கிற ஒரு ஆண்பிள்ளையை. வீட்டில் அவர் தனியாக இருந்தார்.

சரி, என்ன பேசுவது? நான்கு விஷயத்தை வரிசையாகச் சொன்னால் போதும். என்ன நடந்தது, அது எனக்கு என்ன செய்தது, எனக்கு என்ன தேவை, உங்களிடம் என்ன கேட்கிறேன். எங்கள் புளோக்கில் ஒரு அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்: "போன செவ்வாயும் வியாழனும் பதினோரு மணிக்கு மேல் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. என் மகன் இந்த வருடம் பிஎஸ்எல்இ, அந்தத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறான், முழித்துக்கொள்கிறான். அவன் ஆறு மணிக்கு எழ வேண்டும். பத்து மணிக்கு மேல் நாற்காலியைத் தூக்கி வைக்க முடியுமா?" இவ்வளவுதான். இதில் யாரையும் மோசமானவர் என்று சொல்லவில்லை, எதிராளி மறுக்கக்கூடிய வார்த்தையும் இல்லை, முடியும் முடியாது என்று பதில் சொல்ல ஒரு தெளிவான கேள்வி இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் அன்றைக்கே கடைக்குப் போய் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் துணி வில்லைகளை வாங்கிவந்தார். சில வெள்ளிதான், அதாவது சில டாலர்தான் செலவு.

"எப்போ பார்த்தாலும்", "ஒரு நாளாவது", "வேண்டுமென்றே" என்ற மூன்றையும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். எப்போ பார்த்தாலும் என்று சொன்ன உடனே, எதிரில் இருப்பவர் அப்படி நடக்காத ஒரு நாளைத் தேடிப்பிடித்துச் சொல்வார், பேச்சு அந்த நாளைப் பற்றியதாகிவிடும்.

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கேதான் பாதிப்பேர் தோற்றுப்போகிறோம். அவர் பேசும்போது நம் மனம் அடுத்த பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: "அப்போ உங்களுக்கு ஷிஃப்ட் முடிந்து வரவே பதினொன்றாகிவிடுகிறது, சமைத்துச் சாப்பிட வேறு நேரம் இல்லை, அப்படித்தானே?" இதைச் சொல்வதால் நீங்கள் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை. காது கேட்டது என்று மட்டும்தான் அர்த்தம். தான் சொன்னது கேட்டது என்று தெரிந்த மனிதர் குரலை இறக்குவதை எத்தனையோ முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

பலகாரம் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, புகார் சொல்லப் போகும் அன்று வேண்டாம், அது லஞ்சம்போல் தெரியும். பிரச்சினையே இல்லாத நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். குடிவந்த முதல் மாதம், தீபாவளிக்கு முறுக்கு, ஏதாவது ஒரு சாக்கு. பெயரும் முகமும் தெரிந்த வீட்டிலிருந்து வருகிற சத்தம் ஏனோ கொஞ்சம் குறைவாகவே கேட்கிறது.

இனத்தை இழுக்காதீர்கள்

"உங்க ஆளுங்களே இப்படித்தான்." இந்த ஒரு வரி வந்துவிட்டால் மாப், நாற்காலி, புகை எல்லாம் பின்னால் போய்விடும். அதற்கப்புறம் அது இரண்டு வீட்டுச் சண்டையாக இருக்காது.

நம் ஊருக்கு இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். 1964 ஜூலை 21ஆம் தேதி, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடி வெடித்தது, இன்னும் 13 உயிர். ஊரடங்கு போட்டார்கள், காவலர்கள் தெருவில் நின்றார்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் தொகுதிதோறும் எல்லா இனத்துப் பெரியவர்களையும் சேர்த்து நல்லெண்ணக் குழுக்கள் அமைத்தார்கள். அந்த வட்டாரத்தில் முகம் தெரிந்தவர்கள், மக்கள் நம்பக்கூடியவர்கள். வதந்தியை அடக்கவும் பயந்துபோனவர்களுக்குத் தைரியம் சொல்லவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். பள்ளிகளில் 1997 முதல் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுவதும் அந்த நாளை வைத்துத்தான்.

இன்றைக்கு வதந்தி வாட்ஸ்அப்பில் வரும். புளோக் குழுவில் யாராவது பக்கத்து வீட்டைப் படம் பிடித்துப் போட்டு இனத்தைச் சேர்த்து எழுதினால், குழுவில் பதில் சொல்லாதீர்கள். போட்டவருக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். நான்கு பேர் முன்னால் யாரும் பின்வாங்க மாட்டார்கள், தனியாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

சாம்பிராணி, ஊதுபத்தி, சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் இறந்தவர்களுக்காகச் சீனர்கள் எரிக்கும் காகிதம் பற்றிய சண்டைகளில் இன்னும் கவனம் தேவை. "சாமி கும்பிடாதே" என்று காதில் விழுகிற மாதிரி எதையும் சொல்லக் கூடாது. புகை எந்தச் சன்னல் வழியாக எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதை மட்டும் பேசுங்கள். பத்தி வைக்கிற இடத்தை ஓரடி தள்ளி வைத்தோ, அந்த அரை மணி நேரத்துக்குச் சன்னலைச் சாத்தியோ முடிந்துபோன சண்டைகள் நிறைய.

வெளியே போக ஒரு வழி விடுங்கள்

1974 ஜனவரி 31ஆம் தேதி நான்கு ஆயுததாரிகள் புலாவ் புக்கோம் தீவில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிவிட்டு, 'லாஜு' என்ற படகைக் கடத்தி அதன் ஊழியர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் பேச்சு நடந்தது. கடைசியில் அவர்கள் நாட்டைவிட்டுப் போக விமானம் தரப்பட்டது, உயிருக்கு உத்தரவாதமாக 13 பேர் அவர்களோடு குவைத்துக்குப் பறந்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது தற்காப்பு அமைச்சில் இருந்த எஸ்.ஆர். நாதன், பின்னாளில் நம் அதிபரானவர். பிணையாளிகள் யாரும் சாகவில்லை.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிற சம்பவம் இது. துப்பாக்கி வைத்திருந்தவர்களிடமே, நீ இறங்கி வர ஒரு படி இருக்கிறது என்று காட்டத்தான் ஒரு வாரம் செலவழித்தார்கள். நாமோ பக்கத்து வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று நிற்கிறோம். "நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்" என்று ஒரு வார்த்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள். கவனித்துத்தான் செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் கொடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி வரட்டும். மன்னிப்பு என்ற சொல் வராமலே மாப் உள்ளே போனால் போதாதா?

நேரில் பேசியும் நடக்கவில்லை என்றால்

சமூக சமரச நிலையம் 1998 முதல் இருக்கிறது. சமரசர்கள் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள், தமிழிலும் பேசலாம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் பலர் போகப் பயப்படுகிறார்கள். அது நீதிமன்றம் இல்லை. ஒரு மேசை, இரண்டு தரப்பு, நடுவில் சமரசர். முதலில் ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் தன் கதையைச் சொல்வார்கள், தேவைப்பட்டால் சமரசர் தனித்தனியாக அழைத்துப் பேசுவார், அந்தத் தனிப்பேச்சில்தான் உண்மையான காரணம் பெரும்பாலும் வெளியே வரும். அங்கே பேசியது அங்கேயே இருக்கும், ரகசியம் காக்கப்படும். ஒத்துவந்தால் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

சமரசர் தீர்ப்புச் சொல்லமாட்டார். இதைப் புரியவைக்க 2011ல் நம்மில் எல்லோரும் பேசிய கறிக் கதையை நினைவுபடுத்துகிறேன். சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் சொல்ல, அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்ட பழைய சமரசம் ஒன்று அந்த ஆகஸ்ட்டில் பத்திரிகையில் வந்தது. ஊரே கொதித்தது, ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லா இனத்தவரும் சேர்ந்து வீட்டுக்கு வீடு கறி சமைத்தார்கள். எனக்கும் கோபம்தான், நம் அடுப்பில் என்ன வேக வேண்டும் என்று இன்னொருவர் சொல்வதா என்று. பிறகுதான் சட்ட அமைச்சு விளக்கியது: அந்த ஏற்பாடு சமரசர் திணித்தது இல்லை, இரண்டு குடும்பங்களும் தாங்களாகவே எட்டியது, அந்தச் சீனக் குடும்பம் பதிலுக்கு இந்தியக் கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னது. வெளியிலிருந்து பார்த்தால் விசித்திரமாகத் தெரியலாம். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் வாழ்கிறவர்களுக்கு எது ஒத்துவரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதே சமயம் உங்களுக்குப் பிடிக்காத ஏற்பாட்டுக்கு நீங்கள் தலையாட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை, வேண்டாம் என்று எழுந்து வரலாம்.

பெரிய சிக்கல், எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிடுவது. அதற்காகச் சட்டத்தில் பல் வைத்திருக்கிறார்கள். 2015 அக்டோபரிலிருந்து சமூகப் பூசல்களைத் தீர்க்கத் தனி நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளிவரை இழப்பீடு, செய்யாதே என்ற தடை, மன்னிப்புக் கேள் என்ற உத்தரவு, எல்லாம் போட முடியும். 2024ல் சட்டத்தைத் திருத்தி சமரசத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவிடவும் வழி செய்தார்கள். 2025 ஏப்ரலில் தெம்பனிஸ் வட்டாரத்தில் சமூக உறவுப் பிரிவு என்ற ஒன்றை முன்னோட்டமாகத் தொடங்கினார்கள், கடுமையான சத்தத்தையும் வீடு நிறையச் சாமான் குவிப்பதையும் அதன் அதிகாரிகள் நேரடியாகக் கவனிப்பார்கள். இதெல்லாம் இருக்கட்டும், வேண்டிய நாளில் தயங்காமல் போங்கள். ஆனால் முதல் வாரத்திலேயே அங்கே போய் நின்றால், உத்தரவு கிடைத்தாலும் லிஃப்ட் பழையபடிதான் இருக்கும்.

சில கதவுகளைத் தட்டவே கூடாது. ஆயுதத்தைக் காட்டி மிரட்டினால், அடித்தால், பின்தொடர்ந்தால், உடனே 999. வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணையோ குழந்தையையோ அடிக்கிறவரோடு உட்காரவைத்து "சமாதானமாகப் போங்கள்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நம் சமூகத்தில் இதைப் பெரியவர்கள் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு அடி. 1800 777 0000 என்ற வன்முறைத் தடுப்பு எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பேசி முடிவானால், அதைச் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள், பத்து நாள் கழித்து ஒருமுறை "இப்போ பரவாயில்லையா?" என்று கேளுங்கள். முதல் மீறலுக்குப் பொறுத்துப் போங்கள், பழக்கம் ஒரு நாளில் மாறாது.

எங்கள் மாப் கதைக்கு வருகிறேன். எட்டாம் மாதம் கீழ்த்தளத்தில் அவர் பேத்தியைப் பார்த்தேன். மாப் பற்றிப் பேசவில்லை. உங்கள் பாட்டியிடம் நான் கத்தியது தவறு, மன்னிப்புக் கேட்க வேண்டும், கூட வந்து அவர் மொழியில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அன்றைக்குத்தான், சமையலறைத் தரையில் ஈரம் இருந்து ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அடிபட்டதும், அதனால்தான் ஈர மாப்பை வீட்டுக்குள் வைக்கப் பயப்படுகிறார் என்பதும் தெரிந்தது. பிழிகிற வாளி ஒன்று பேத்தி வாங்கிக் கொடுத்தாள். அப்படியும் மாப் காய வேண்டுமே, மாலை நான்கு மணிக்கு மேல்தான் வெளியே தொங்கவிடுவது, அதற்குள் நான் என் துணியை எடுத்துவிடுவது என்று முடிவானது.

இன்னும் அப்படித்தான் நடக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமை நான் மறந்துபோய் உட்கார்ந்திருப்பேன். நாலு மணிக்கு மேல்வீட்டுச் சன்னலிலிருந்து "ஹலோ, ஹலோ, க்ளோத்ஸ்" என்று குரல் கேட்கும். நான் கழியை உள்ளே இழுத்துவிட்டு, "ஓகே ஆன்ட்டி" என்பேன். அதற்கப்புறம்தான் மாப் வெளியே வரும்.